யார் தலையில் கட்டுவது?

2005க்கு முன்னால் இணையத்தில் வரைபடம் பார்த்தவர்களுக்கு அந்த அம்புக்குறிகள் நினைவிருக்கும். படத்தின் ஓரங்களில் இருக்கும். வலப்பக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்க வலது அம்பை அழுத்த வேண்டும். பக்கம் முழுவதும் வெள்ளையாகி, மறுபடி மேலிருந்து கீழ்வரை வந்து சேரும். வந்த பிறகு, சற்றுமுன் பார்த்த தெரு புதுப் படத்தில் எங்கே போயிற்று என்று தேட வேண்டும். இரண்டு முறை அம்பை அழுத்தினால் ஊரே தொலைந்துவிடும்.

2005 பிப்ரவரி 8 அன்று கூகுள் மேப்ஸ் வந்தது. படத்தைப் பிடித்து இழுத்தால் நகர்ந்தது. சொல்லிக் கொடுக்க எதுவும் இல்லை. மேசையில் கிடக்கும் காகிதத்தை நகர்த்தத் தெரிந்தவருக்கு அதுவும் தெரிந்தது.

உள்ளே நடந்த வேலை சாதாரணமல்ல. இந்த வகை வரைபடத்தில் உலகம் முழுவதும் முதலில் 256 பிக்சல் நீள அகலமுள்ள ஒரே சதுரம். ஒரு படி பெரிதாக்கினால் நான்கு சதுரம், அடுத்த படியில் பதினாறு. பத்தாவது படியில் 10,48,576 சதுரங்கள். அத்தனையையும் முன்கூட்டியே வரைந்து சர்வரில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். நாம் படத்தை இழுக்கும்போது, திரையின் விளிம்புக்கு வெளியே அடுத்து வரப்போகும் சதுரங்களைப் பிரவுசர் சத்தமில்லாமல் வாங்கி வைத்துக்கொள்கிறது. கல்யாணப் பந்தியில் இலை காலியாகும் முன்பே அடுத்த கரண்டி வந்து நிற்பதுபோல. நாம் கேட்கவில்லை, ஆனால் வந்துவிட்டது.

இதன் முதல் வடிவம் சிட்னியில் லார்ஸ், ஜென்ஸ் என்ற ராஸ்முசன் சகோதரர்கள் மற்ற இருவருடன் சேர்ந்து நடத்திய சிறு நிறுவனத்தில் உருவானது. அப்போது அது கணினியில் நிறுவ வேண்டிய மென்பொருள். 2004இல் கூகுள் அதை வாங்கியபின் பிரவுசருக்குள் கொண்டுவந்தார்கள். மென்பொருளை இறக்கி நிறுவும் வேலையும் பயனர் தலையிலிருந்து இறங்கிற்று.

எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் வேறு. படத்தின் மூலையில் நான்கு சின்ன அம்புகளையும் அவர்கள் விட்டு வைத்திருந்தார்கள். இழுக்க முடியாதவருக்கு, இழுக்கலாம் என்று தெரியாதவருக்கு அவை இருந்தன. புது வழி வந்ததும் பழைய வழியை இடித்துவிடவில்லை.

*

பக்கம் வெள்ளையாவதைத் தவிர்க்கும் கருவி அதற்கு முன்பே இருந்தது: எக்ஸ்எம்எல்ஹெச்டிடிபி ரெக்வெஸ்ட். பக்கத்தை மறுபடி ஏற்றாமல் சர்வரோடு பேசும் வசதி. மைக்ரோசாஃப்டில் அவுட்லுக் மின்னஞ்சலைப் பிரவுசருக்குக் கொண்டுவந்த குழுவின் தேவைக்காகப் பிறந்து, 1999இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5உடன் வெளிவந்தது. வடிவமைப்பாளர் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் இந்த முறைக்கு ‘ஏஜாக்ஸ்’ என்று பெயர் வைத்தது 2005 பிப்ரவரியில், கூகுள் மேப்ஸ் வந்த பத்தே நாளில். நடுவில் ஆறு ஆண்டுகள். கருவி கையில் இருந்தது. அதைக் கொண்டு பயனருக்கு எந்தத் தொல்லையை ஒழிக்கலாம் என்று யோசித்தவர்கள் குறைவு.

அதே காலத்தில், பிரவுசரோடு சேர்த்து நிறுவும் ஃபிளாஷ் மென்பொருளின் கொண்டாட்டம். ‘ரிச் இன்டர்நெட் அப்ளிகேஷன்’ என்ற பெயரை 2002இல் பரப்பியதே ஃபிளாஷைச் செய்த மேக்ரோமீடியாதான். அந்நாளின் பல தளங்களில் நுழைந்ததும் இசையோடு ஒரு அசையும் முன்னுரை ஓடும்; மூலையில் ‘ஸ்கிப் இன்ட்ரோ’ என்றொரு பட்டன். வந்தவர்களில் பெரும்பாலோர் முதலில் தேடியது அந்தப் பட்டனைத்தான். ஆனால் பிரவுசருக்குள் வீடியோ, விளையாட்டு எல்லாம் முதலில் பரவலாக வந்ததும் ஃபிளாஷ் வழியாகத்தான். அந்த நன்றியை மறுக்க முடியாது. 2020 டிசம்பர் 31உடன் அதற்கான ஆதரவு நின்றது.

*

பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து கவனித்தால், எந்த டிசைன் புத்தகத்திலும் இல்லாத பாடம் கிடைக்கும். விண்ணப்பங்கள் போடும் பருவத்தில் ஒரு நாள் பார்த்தது: ஓர் அப்பாவும் மகளும். மகள் கல்லூரி விண்ணப்பத்தின் எல்லாக் கட்டங்களையும் தானே நிரப்பிவிட்டாள். போட்டோ ஏற்றும் இடத்தில் நின்றுவிட்டது.

“சைஸ் ஜாஸ்தியா இருக்குண்ணே. குறைச்சுத்தான் ஏத்தணும்,” என்றார் சென்டர்காரர்.

“போட்டோ நல்லாத்தானேப்பா இருக்கு?”

போட்டோ நன்றாகத்தான் இருந்தது. ஃபோனில் எடுத்தது, சில எம்பி. தளம் கேட்டது 20 கேபிக்கு மேல், 50 கேபிக்குள். கேபி என்றால் என்ன என்பது அந்த அப்பாவுக்குத் தெரிய வேண்டிய அவசியம் எங்கிருந்து வந்தது? அவர் மகளைப் படிக்க வைக்க வந்திருக்கிறார்.

இதைப் பிரவுசரே செய்துவிடும். ‘கேன்வாஸ்’ என்றொரு வசதி எல்லாப் பிரவுசரிலும் பல ஆண்டுகளாக இருக்கிறது. தேர்ந்தெடுத்த படத்தைப் பிரவுசர் அதன் மீது சின்னதாக வரைந்துகொள்ளும். ஜேபெக் ஆக மாற்றும்போது தரத்தைக் கொஞ்சம் குறைக்கும். இன்னும் 50 கேபிக்கு மேலே இருந்தால் இன்னும் கொஞ்சம் குறைக்கும். எல்லாம் அந்த ஃபோனுக்குள்ளேயே, கண் இமைக்கும் நேரத்தில். சர்வருக்குப் போவது சின்னப் படம்தான் என்பதால் டேட்டாவும் மிச்சம். முகம் நடுவில் வரும்படி நகர்த்திக்கொள்ள ஒரு சட்டத்தைக் காட்டினால் போதும். டெவலப்பருக்கு அதிகம் போனால் ஓரிரு நாள் வேலை.

ஒரு லட்சம் பேர் விண்ணப்பிக்கும் தளம் என்று வைத்துக்கொள்வோம். போட்டோவைச் சுருக்க ஆளுக்குப் பத்து நிமிடம் போனால் மொத்தம் 16,000 மணி நேரத்துக்கும் மேல். சென்டருக்கு வந்துபோகும் பஸ் செலவும், படத்தைச் சுருக்கித் தரக் கொடுக்கும் காசும் தனி.

இன்டராக்‌டிவ் செயலி என்ற பேச்சு வந்தாலே அனிமேஷனையும் பளபளப்பையும் காட்டுகிறார்கள். எனக்கு இந்தப் போட்டோ கட்டம்தான் நினைவுக்கு வரும். பிரவுசரின் முழுத் திறமையும் அங்கே தேவை. வேலை முடிந்தபின் பயனர் கண்ணில் படவேண்டியது அவளுடைய முகம் மட்டுமே.

*

லாரி டெஸ்லர். ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்திலும் பிறகு ஆப்பிளிலும் வேலை பார்த்தவர். வெட்டி ஒட்டும் ‘கட், காப்பி, பேஸ்ட்’ நமக்குக் கிடைத்ததில் அவருக்குப் பெரும் பங்கு. 2020இல் காலமானார். அவர் சொன்ன ஒரு விதி உண்டு: எந்த வேலையிலும் ஓரளவுக்கு மேல் குறைக்கவே முடியாத சிக்கல் ஒன்று இருக்கும், அதை யார் சுமப்பது என்பதுதான் கேள்வி. செய்பவரா, பயன்படுத்துபவரா?

‘சிம்பிளாக இருக்க வேண்டும்’ என்று சொல்லும்போது நாம் பெரும்பாலும் திரையில் பட்டன்களைக் குறைப்பதையே நினைக்கிறோம். பட்டனைக் குறைத்தால் சிக்கல் குறைந்துவிடாது. வேறெங்கோ போய் உட்கார்ந்துகொள்ளும். சில நேரம் வாடிக்கையாளர் சேவைத் தொலைபேசியில் வரிசையாக நின்றுகொண்டிருக்கும்.

*

‘நிச்சயமாக நீக்கவா?’

இந்தக் கேள்விக்கு யாரும் யோசித்துப் பதில் சொல்வதில்லை. தினமும் கேட்டால் கை தானாக ‘சரி’யை அழுத்தும். மெக்கின்டாஷ் திட்டத்தை ஆப்பிளில் தொடங்கிய ஜெஃப் ராஸ்கின், 2000இல் வந்த ‘தி ஹியூமேன் இன்டர்ஃபேஸ்’ நூலில் பழக்கம் எப்படி எச்சரிக்கையைத் தின்றுவிடுகிறது என்று விரிவாகப் பேசியிருக்கிறார். அவருடைய மகன் ஏசா ராஸ்கின் 2007இல் அதையே ஒரு கட்டுரையாக எழுதினார்: எச்சரிக்காதே, செய்ததைத் திரும்பப் பெற வழி கொடு.

ஜிமெயிலின் ‘அன்டூ சென்ட்’ இதற்கு நல்ல உதாரணம். 2009இல் சோதனை வசதியாக வந்தது. 2015இல் எல்லோருக்கும் கிடைத்தது. போன கடிதத்தைத் திரும்பப் பிடிக்கும் மந்திரம் எதுவும் அதில் இல்லை. ‘அனுப்பியாயிற்று’ என்று நம்மிடம் சொல்லிவிட்டு, சில விநாடிகள் கடிதத்தைக் கையிலேயே வைத்திருக்கிறது. தொடக்கத்தில் 5 விநாடி. இப்போது 30 வரை வைத்துக்கொள்ளலாம். தவறு கண்ணில் படுவது அனுப்பிய மறுகணம்தான் என்ற மனித இயல்பை அறிந்து செய்த வடிவமைப்பு. ‘அனுப்பவா?’ என்று ஒவ்வொரு கடிதத்துக்கும் கேட்டிருந்தால் ஒருவரும் காப்பாற்றப்பட்டிருக்க மாட்டார்கள்.

திரும்பப் பெறவே முடியாத காரியங்கள் உண்டு. பணம் அனுப்புவது அப்படி. அங்கே கேட்கத்தான் வேண்டும்; ஆனால் கேள்விக்குள் விஷயம் இருக்க வேண்டும். யுபிஐ செயலிகள் பணம் போவதற்கு முன் வங்கியில் பதிவான பெறுபவரின் பெயரைக் காட்டுகின்றன. ‘உறுதியா?’ என்ற சொல்லை நூறு முறை போட்டாலும் அந்தப் பெயருக்கு ஈடாகாது. மளிகைக் கடை அண்ணாச்சிக்குப் போக வேண்டிய பணம் வேறு பெயரைக் காட்டினால் விரல் நிற்கும்.

*

அதே ஏசா ராஸ்கின்தான் 2006இல் முடிவில்லாத ஸ்க்ரோலை உருவாக்கியவர். ‘அடுத்த பக்கம்’ என்ற பட்டனை அழுத்தும் சிரமம் எதற்கு என்பது நியாயமான கேள்வி. அது என்ன ஆயிற்று என்று நமக்குத் தெரியும். பின்னாளில் அவரே வெளிப்படையாக வருந்தினார். பக்கத்தின் முடிவு என்பது ‘போதுமா?’ என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ளும் இடம். அதை எடுத்தது பயனரின் சுமையை இறக்கியதில் சேராது. தேடல் முடிவுகளில் எத்தனையாவது பக்கத்தில் பார்த்தோம் என்ற நினைவும் அதோடு போயிற்று. பக்கத்தின் அடியில் தொடர்பு முகவரியை வைத்துவிட்டு முடிவில்லா ஸ்க்ரோலும் போடுகிற தளங்கள் இருக்கின்றன. முகவரியைத் தொடப்போகும் நேரத்தில் அது கீழே ஓடிவிடும்.

*

நேரம். 0.1 விநாடிக்குள் நடந்தால் நம் கையே செய்ததுபோல் இருக்கும். 1 விநாடி வரை எண்ண ஓட்டம் அறுபடாது. 10 விநாடி தாண்டினால் மனம் வேறு வேலைக்குப் போய்விடும். இது பயன்பாட்டு எளிமை வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 1993இல் தன் நூலில் எழுதியது. ராபர்ட் மில்லர் 1968இல் எழுதியதை அடியொற்றியது. கணினிகள் எத்தனையோ மடங்கு வேகமாகிவிட்டன. மனிதர்கள் அதே வேகம்தான், அதனால் எண்களும் மாறவில்லை.

2024 மார்ச் முதல் கூகுள் இணையதளங்களை அளக்கும் கணக்கில், தொட்டதற்கும் திரை பதில் சொல்வதற்கும் இடைப்பட்ட நேரம் 200 மில்லி விநாடிக்குள் இருந்தால் நன்று. இதை டெவலப்பரின் விலையுயர்ந்த லேப்டாப்பில் அளப்பதில் பயனில்லை. எட்டாயிரம் ரூபாய் ஆண்ட்ராய்டு ஃபோனில், பஸ்ஸில் போகும்போது அளக்க வேண்டும். அழகான அனிமேஷனுக்காக ஏற்றிய ஜாவாஸ்கிரிப்ட் மூட்டையை அந்த ஃபோன்தான் அவிழ்த்துப் பிரிக்கிறது.

*

படங்களைப் பகிரும் ஃபிளிக்கர் தளத்தில் ஒரு நல்ல வசதி இருந்தது. படத்தின் தலைப்பைத் திருத்தத் தனிப் பக்கம் போக வேண்டாம். தலைப்பின் மீதே கிளிக் செய்தால் அது எழுதும் கட்டமாகிவிடும். மவுஸை மேலே கொண்டுபோனதும் லேசான மஞ்சள் பின்னணி வந்து, ‘இங்கே தொடலாம்’ என்று சொல்லும்.

தொடுதிரையில் மவுஸ் இல்லை. விரல் ‘மேலே நிற்பது’ என்பதே இல்லை. அந்த மஞ்சள் அழைப்பை மட்டும் நம்பியிருந்த வசதிகள் ஃபோனில் ஒளிந்துபோயின. பார்த்தவுடன் தெரியாத வசதி, அதைச் செய்தவருக்கு மட்டும்தான் வசதி.

இழுத்து வைப்பதும் அப்படித்தான். 2023 அக்டோபரில் வந்த, இணையம் எல்லோருக்கும் எட்ட வேண்டும் என்பதற்கான டபிள்யூசிஏஜி 2.2 விதிமுறை, இழுக்கும் வேலைகளுக்கு இழுக்காமல் செய்ய மாற்று வழி கேட்கிறது. கை நடுங்குபவர்கள், ஒரு கையில் குழந்தையை வைத்திருப்பவர்கள், விரிசல் விட்ட கண்ணாடியுள்ள ஃபோன்காரர்கள் எல்லோருக்கும் அது வேண்டும். கூகுள் மேப்ஸின் அந்த நான்கு அம்புகள் இந்த விதிக்கு 18 ஆண்டுகள் முன்பே இருந்தன.

*

பிறந்த தேதிக்குக் காலண்டர் விரிக்காதீர்கள். 1958இல் பிறந்த ஒருவர் மாதம் மாதமாகப் பின்னால் போக வேண்டுமா? பிரிட்டன் அரசின் கவ்.யூகே வடிவமைப்புக் குழு நாள், மாதம், ஆண்டு என்று மூன்று சாதாரணக் கட்டங்களே போதும் என்கிறது. நமக்கு மனப்பாடமாகத் தெரிந்த தேதியைத் தேட வேண்டியதில்லை, எழுதினால் போதும். அடுத்த வாரம் எந்தக் கிழமை ரயில் ஏறுவது என்று பார்ப்பதற்குத்தான் காலண்டர்.

அவர்கள் எண் கட்டத்தையும் மாற்றினார்கள். எண்ணுக்கென்றே பிரவுசர் தரும் கட்டத்தில் ஒரு தொல்லை: மவுஸ் சக்கரத்தை உருட்டினால் நாம் அறியாமலே எண் கூடும், குறையும். அதனால் சாதாரண எழுத்துக் கட்டத்தையே வைத்து, ஃபோனில் எண் விசைப்பலகை மட்டும் வரும்படி செய்தார்கள். வெளியே பார்த்தால் ஒரு வெறும் கட்டம். அதன் பின்னால் இவ்வளவு யோசனை இருக்கிறது.

*

‘தமிழ்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து? மூன்று. யுனிகோட் கணக்கில் ஐந்து: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. ‘அதிகபட்சம் 20 எழுத்து’ என்று போட்டிருக்கும் கட்டம் இந்த ஐந்தைத்தான் எண்ணும். திருநாவுக்கரசு என்று எழுதினால் நம் கணக்கில் எட்டு எழுத்து, கட்டத்தின் கணக்கில் பதினான்கு. மீதி எவ்வளவு இருக்கிறது என்று ஓரத்தில் காட்டும் எண் நமக்குப் புரியாத வேகத்தில் இறங்கும். பிரவுசர்களில் இப்போது எழுத்துகளைக் கண்ணுக்குத் தெரிகிறபடி பிரித்து எண்ணும் வசதி இருக்கிறது. பயன்படுத்துவோர் அதிகமில்லை.

இன்னொன்று: ‘கொ’. இதைக் ககரமும் ஒகரக் குறியுமாக இரண்டாகவும் சேமிக்கலாம். ஒற்றைக் கொம்பு, கால் என்று உடைத்து மூன்றாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். தேடும்போது இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவராத செயலி, ‘கொடுமுடி’ இல்லை என்று சொல்லிவிடும். எழுதியவர் தன் தட்டச்சைச் சந்தேகிப்பார். தவறு அவருடையதல்ல.

ஒவ்வொரு விசைக்கும் பதில் சொல்லும் தேடல் கட்டங்களிலும் இதே கதை. ஆங்கிலத்தில் ஒரு விசை, ஒரு எழுத்து. ஒலிபெயர்ப்பு முறையில் தமிழ் அடிப்பவருக்கு எழுத்து பாதி உருவாகி, மாறி, பிறகுதான் முழுமையாகும். எழுத்து உருவாகிக்கொண்டிருக்கிறது, இப்போது முடிந்தது என்று பிரவுசர் தனித்தனியாகச் சொல்லத்தான் செய்கிறது. அதைக் கேளாமல் ஒவ்வொரு விசைக்கும் சர்வருக்கு ஓடும் செயலி, பாதி எழுத்துக்கு ஆலோசனை சொல்லிக் குழப்பும்.

பெயர். ‘லாஸ்ட் நேம்’ கட்டாயம் என்று சிவப்பு நட்சத்திரம். நமக்கு இருப்பது அப்பாவின் பெயருடைய முதலெழுத்தும் நம் பெயரும். சிலர் அங்கே ஒரு புள்ளி வைக்கிறார்கள், சிலர் தம் பெயரையே இரண்டு முறை எழுதுகிறார்கள், சிலர் அப்பா பெயரைப் போடுகிறார்கள். விமான டிக்கெட்டில் அப்பா பெயரால் அழைக்கப்படுகிறார்கள். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயரே உள்ளவருக்கு அமெரிக்க விசாவில் முதல் பெயர் தெரியவில்லை என்பதற்கான மூன்றெழுத்து, எஃப்என்யூ, ஏறிவிடுகிறது. ‘முழுப் பெயர்’ என்று ஒரே கட்டம் போதும். நிரலாளர் பேட்ரிக் மெக்கென்ஸி 2010இல், பெயர்களைப் பற்றி நிரலாளர்கள் நம்பும் பொய்கள் என்று ஒரு பட்டியலே எழுதினார். நம்மூர் டெவலப்பர்களும் தங்கள் பெயருக்கே பொருந்தாத கட்டத்தைத் தங்கள் தளத்தில் வைப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

*

விக்கிப்பீடியாவில் திருத்த வேண்டுமானால் சதுர அடைப்புக்குறிகளும் நட்சத்திரங்களும் நிறைந்த விக்கி குறிமொழி தெரிய வேண்டியிருந்தது. பக்கத்தைப் பார்த்தபடியே திருத்தும் விஷுவல் எடிட்டர் 2013 ஜூலையில் ஆங்கில விக்கிப்பீடியாவில் எல்லோருக்கும் முன்னிருப்பாக வந்தது. மெதுவாக இருக்கிறது, கட்டுரையைச் சிதைக்கிறது என்று பழைய ஆசிரியர்கள் எதிர்த்தார்கள். செப்டம்பரில், வேண்டுவோர் மட்டும் இயக்கிக்கொள்ளலாம் என்று பின்வாங்கப்பட்டது.

கண்ணுக்குத் தெரியும் பக்கத்தில் ஒரு சொல்லை மாற்றினால், அடியிலிருக்கும் குறிமொழியில் அந்த ஒரு சொல் மட்டும்தான் மாற வேண்டும். வேறு ஒரு இடைவெளிகூட நகரக் கூடாது. அதற்கென்றே பார்சாய்டு என்ற மென்பொருளை எழுதினார்கள். எளிமையான முகத்துக்குப் பின்னால் இருக்கும் பொறியியல் முதிராமல் முகத்தை மட்டும் முன்னால் அனுப்பினால், நம்பிக்கை முதலில் போகும். வசதி பின்னால் மெல்லத் திரும்பி வந்தது. இன்று புதியவர்கள் பலர் அதில்தான் தொடங்குகிறார்கள்.

*

பின் செல்லும் பட்டன். ஒரே பக்கத்தில் எல்லாம் நடக்கும் செயலிகளில் அது பல காலம் உடைந்து கிடந்தது. பின்னால் போனால் செயலியை விட்டே வெளியேறிவிடுவோம். பக்கம் மாறாமல் முகவரியை மட்டும் மாற்றும் வசதி எச்டிஎம்எல்5உடன் வந்தபின் மன்னிப்பு இல்லை. விலை, அளவு, நிறம் என்று வடிகட்டிய புடவைப் பட்டியலின் லிங்க்கை அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால், அக்காவும் அதே புடவைகளைப் பார்க்க வேண்டும். முகப்புப் பக்கத்தைப் பார்த்துவிட்டு “எதுடி?” என்று அவர் திரும்பக் கேட்டால் அந்த வடிகட்டி சரியாகச் செய்யப்படவில்லை.

*

ஓடிபி. ஆறு இலக்கத்துக்கு ஆறு தனிப் பெட்டி வைப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. எஸ்எம்எஸ்ஸிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் சில தளங்களில் முதல் இலக்கம் மட்டும் முதல் பெட்டியில் விழும், மீதி ஐந்தும் காணாமல் போகும். மூன்றாவது இலக்கம் தப்பு என்றால் பின்னோக்கி அழிப்பது பெரும்பாடு. பார்வையற்றவர்களுக்குத் திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருள் ஆறு கட்டங்களையும் ஒவ்வொன்றாக அறிவிக்கும். ஒரே பெட்டி வைத்து, ‘இது ஒருமுறைக் கடவு எண்’ என்று பிரவுசருக்கு ஒரு குறிப்பு எழுதினால் போதும். வந்த எண்ணை ஃபோனே விசைப்பலகைக்கு மேல் நீட்டும், ஒரு தொடலில் நிரம்பும். ஆறு கோடுகளாகத் தெரிய வேண்டுமென்றால் அந்த ஒரே பெட்டிக்குள் சிஎஸ்எஸ்ஸில் கோடு வரைந்துகொள்ளலாம்.